குந்திப் பறிக்கிறவள்

என் வாயை நான் நம்புவதில்லை. முப்பது வருசமாக நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கை துணியில் இருக்கும், காது ரோட்டில் இருக்கும், வாய் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. எஸ்டேட் பெண்கள் என்னை டெய்லரக்கா என்பார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் வேறு பேர் சொல்வார்கள், சொல்லட்டும். சுகுணா விஷயத்தில் முதல் தப்பு என்னுடையதுதான். அதை இங்கேயே சொல்லிவிட்டால், நீ மட்டும் யோக்கியமா என்று பிறகு யாரும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பனி இறங்கி, காலை பத்து மணிக்கும் பஸ்காரன் லைட் போட்டுக்கொண்டு வந்தான். சுகுணா நாலு ஜாக்கெட்டும் இரண்டு பாவாடையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஜாக்கெட்டில் கீழ்ப்பட்டியைப் பிரித்து விட வேண்டும், பாவாடையில் இடுப்பைத் தளர்த்த வேண்டும் என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். நாலு விரல் என்றாள்.

இத்தனை வருசத்தில் ஒரு பெண் இடுப்பை நாலு விரல் தளர்த்தச் சொன்னால் அதற்கு ஒரே காரணத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் உட்கார்ந்த விதமும் அப்படித்தான் இருந்தது. ஸ்டூலில் பொத்தென்று உட்காரவில்லை. மேஜையைப் பிடித்து, முதுகை நேராக வைத்து, முட்டியை மடக்கி மெதுவாக இறங்கினாள். எழும்போது கையைத் தொடையில் ஊன்றி எழுந்தாள். கீழே விழுந்த ஊசியை எடுத்துக் கொடுக்கக் குனியவில்லை, குந்தி எடுத்தாள்.

நான் மனசுக்குள் மாசம் எண்ணினேன். அவள் புருசன் அங்கப்பன் போர்வெல் லாரியில் வேலை. மத்தியப் பிரதேசத்துப் பக்கம் போனால் ஆறு மாசம், எட்டு மாசம் என்று கிடப்பவன். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்து போனவன் தீபாவளிக்கும் வரவில்லை. வைகாசியிலிருந்து எண்ணினால் வயிறு முகட்டைத் தொட வேண்டும். இவளுக்கோ வயிறே வெளியே தெரியவில்லை, அப்படியென்றால் இது புருசன் இல்லாத காலத்துக் கணக்கு. அன்று சாயங்காலம் புவனேஸ்வரி மகளுக்கு அளவு கொடுக்க வந்தாள். அவள் சுகுணாவோடு ஒரே வரிசையில் காப்பி பறிக்கிறவள். "சுகுணாவுக்கு உடம்பு எப்படி இருக்குது?" என்று மட்டும்தான் கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்ட தோரணை இருக்கிறதே, அது போதும்.

நிஜத்தில் நடந்தது வேறு. அதை எனக்குப் பிற்பாடு அவளே சொன்னாள்.

ஐப்பசி மழையில், சேறாய்க் கிடந்த சரிவில், பழ மூட்டையைத் தலைக்கு ஏற்றும்போது சுகுணாவின் கால் வழுக்கியது. விழவில்லை. மூட்டையையும் விடவில்லை. ஆனால் இடுப்பில் என்னமோ கத்தி சொருகினதுபோல் ஆகிவிட்டது. மூன்று நாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக் கிடந்தாள். நாலாம் நாள் உறவுக்காரர் கல்யாணம் என்று பொய் சொல்லி, பிளஸ் ஒன் படிக்கும் மகள் ஐஸ்வர்யாவைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் சின்ன வயசு, நல்ல பொறுமைசாலியாம். எலும்புக்கு ஒன்றும் இல்லை, பழக்கம்தான் கெட்டது என்றாளாம். குனியாதே, முட்டியை மடக்கிக் குந்து. சுமையை உடம்போடு அணைத்துத் தூக்கு. இடுப்பைத் திருகாதே, காலோடு சேர்ந்து திரும்பு. படுக்கையிலிருந்து விருட்டென்று எழாமல் ஒருக்களித்துக் கை ஊன்றி எழு. அரை மணிக்கு ஒருதரம் இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாய்ந்து நில். தினமும் நட. வேலை செய்யும்போது கொஞ்ச நாளைக்கு இடுப்பில் பெல்ட் கட்டு. இதையெல்லாம் செய்தால் இன்னும் இருபது வருசம் வேலை பார்க்கலாம், பழையபடி குனிந்து தூக்கினால் ஒருநாள் அப்படியே படுத்துவிடுவாய் என்று ஒரு தாளில் படமும் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அந்தப் பெண் சொன்னது அத்தனையும் சரி. நானே இப்போது அதில் பாதியைச் செய்கிறேன், என் இடுப்பும் கொஞ்சம் கேட்கிறது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். குந்தி எடுப்பது, ஒருக்களித்து எழுவது, இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாய்வது, பெல்ட்டின்மேல் சேலை கட்டி இடுப்புப் பருத்துத் தெரிவது. இதையெல்லாம் எங்கள் ஊரில் எவள் செய்வாள்? வாயும் வயிறுமாய் இருக்கிறவள்தான் செய்வாள்.

எஸ்டேட்டில் இது இன்னும் மோசம். காப்பி பறிக்கும் பெண்கள் வரிசை பிடித்து ஆளுக்கு ஒரு நிரையாகப் போவார்கள். மேட்டிலிருந்து பார்க்கிற மேஸ்திரிக்கு முதுகுகள் தெரிய வேண்டும். குந்தி உட்கார்ந்தால் செடி மறைத்துவிடும், ஆள் வேலை செய்கிறாளா தூங்குகிறாளா என்று தெரியாது. அதனால் அடிக்கிளையானாலும் உதிர்ந்த பழமானாலும் நின்றபடி குனிந்துதான் எடுக்க வேண்டும். எந்தக் காலத்தில் எந்தத் துரை போட்ட சட்டமோ, இன்றைக்கும் மாறவில்லை. குந்திப் பறிக்கிற உரிமை முழுகாமல் இருக்கிறவளுக்கு மட்டும்தான். அவள் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டாள். ஒருநாள் குந்துவாள், வரிசைக்குப் புரிந்துவிடும். பக்கத்து நிரைக்காரி தோட்டத்து ஆரஞ்சு ஒன்றை அவள் மடிப்பையில் போட்டுவிடுவாள். அவள் அதை உரித்துத் தின்றால் ஆமாம் என்று அர்த்தம். அன்று முதல் அவள் மூட்டையை மற்றவர்கள் சுமப்பார்கள், மேஸ்திரியும் கண்டுகொள்ள மாட்டான்.

நான் புவனேஸ்வரியிடம் கேட்ட மூன்றாம் நாள் சுகுணாவின் மடிப்பையில் ஆரஞ்சு விழுந்தது.

வழக்கம் தெரியாதவள் இல்லை அவள். ஐஸ்வர்யா வயிற்றில் இருந்தபோது இதே வரிசையில் ஆரஞ்சு தின்றவள்தான். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாளாம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், அப்புறம் ஏன் குந்துகிறாய் என்று கேட்பார்கள். இடுப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் போன வருசத்துத் தங்கம்மா சாட்சி. அவள் நல்லவிதமாக டாக்டரிடம் எழுதி வாங்கி, குனிகிற வேலை வேண்டாம், நாற்றங்காலில் போடுங்கள் என்று கேட்டாள். போட்டார்கள். இரண்டே மாசத்தில், உடம்புக்கு முடியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். பேர் பதிந்த ஆள் ஒருவராவது வேலை செய்கிற வீட்டுக்குத்தான் லைனில் இடம். தங்கம்மா இருந்த வீட்டைப் பக்கத்து வீட்டோடு இடித்துச் சேர்த்து, வெள்ளையடித்து, வாசலில் பூந்தொட்டி வைத்து, இப்போது பெங்களூர்க்காரர்கள் வந்து தங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சமிருக்கும் ஒன்பது வீட்டுக்கும் புது மேனேஜர் காத்துக்கொண்டிருக்கிறார்.

சுகுணா வீட்டில் பேர் பதிந்த ஆள் அவள் ஒருத்திதான். மாமியார் காளியாயி நாற்பது வருசம் பறித்துவிட்டு, நிமிரவே முடியாமல், நடக்கும்போதும் தரையைப் பார்த்தபடி நடக்கிறவள். அந்த வீட்டை விட்டால் சேலத்திலோ வேறெங்கேயோ அவர்களுக்கு ஒரு சாண் இடம் இல்லை.

சுகுணா பழத்தை உரித்துத் தின்றாள்.

பறிப்பு முடிய இன்னும் இரண்டு மாசம், அதுவரை ஓட்டிவிட்டால் இடுப்பும் தேறிவிடும், பிறகு கலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். மாசத்தை எவளாவது எண்ணுவாளே என்று தோன்றாமல் இருக்குமா? தோன்றியிருக்கிறது. அங்கப்பன் தீபாவளிக்கு ஒரே ஒரு ராத்திரி வந்து போனான் என்று சொல்லலாம் என்று நினைத்திருக்கிறாள். லைனில் ஒரு நாய் புதிதாக வந்தாலே ஒன்பது வீட்டுக்கும் தெரியும். ஒரு ஆம்பளை வந்து போனது தெரியாமல் இருக்குமா? மாட்டிக்கொண்டவள் மூளை அப்படித்தான் வேலை செய்யும், நாம் என்ன சொல்வது.

பேச்சு காளியாயி காதுக்குப் பத்து நாள் கழித்துத்தான் போனது. கிழவிக்கு முதலிலேயே சந்தேகம். ராகிக் களி கிண்டும்போது மருமகள் முன்போல் சட்டிமேல் கவிழ்ந்து துடுப்புப் போடாமல், ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து கிண்டுவதைப் பார்த்திருக்கிறாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல் இரண்டு சின்னக் குடமாக இரு கையிலும் தூக்கி வருவதையும் பார்த்திருக்கிறாள். வரிசைக்காரிகள் சொன்னதும் கிழவி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ்வர்யாவின் போனை வாங்கி நேரே மகனுக்குப் பேசினாள்.

அங்கப்பன் சுகுணாவைக் கூப்பிட்டான். வயிற்றில் ஒன்றுமில்லை, இடுப்புதான் என்று அவள் சத்தியம் பண்ணினாள். இடுப்பு என்றால் ஏன் என்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டான். நீங்கள் அங்கே ராத்திரியும் பகலும் மெஷின் பக்கத்தில் நிற்கிறவர், உங்களுக்கு எதற்குக் கவலை என்று விட்டுவிட்டேன் என்றாள். அவன் நம்பவில்லை, அம்மாவிடம் சொல்லுமளவுக்குக்கூட அதை மதிக்கவில்லை. இடுப்பு வலிக்காரிக்கு வரிசை ஏன் மூட்டை சுமக்கிறது என்று கேட்டான். அவள் ஆரஞ்சு தின்றதைச் சொன்னாள். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. போனையும் எடுக்கவில்லை.

எனக்கு உண்மை தெரிந்தது தை பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பிரித்துத் தைத்த துணிகளை அவள் வாங்க வரவில்லையே என்று நானே எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். துணி ஒரு சாக்கு, விஷயம் பிடுங்கத்தான் போனேன். காளியாயி வெளியே வெயிலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, உள்ளே போய் நீயே பார் என்பதுபோல் தலையை ஆட்டினாள். நான் தலைகுனிந்து நிலைப்படி தாண்டி உள்ளே போனேன்.

சுகுணா பாயில் குப்புறப் படுத்திருந்தாள். முழங்கை இரண்டையும் ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, வயிறு முழுக்கத் தரையில் அழுந்த, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐஸ்வர்யா ஒரு தாளை வைத்துக்கொண்டு எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கிற எவளும் அப்படிக் குப்புறப் படுக்க மாட்டாள். எனக்குச் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன கண்ணு இது?" என்றேன்.

அவள் பத்து வரைக்கும் முடித்துவிட்டு, ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். மகளைப் பார்த்து, வெளியே போய் ஆயாகூட இரு சாமி என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

"இதெ வரிசையில சொல்லிப்போடு கண்ணு," என்றேன். "இந்தப் பேரோட எத்தன நாளு இருப்ப?"

"சொல்லிப்போட்டு எங்கீங்க அக்கா போறது? ஐசு பள்ளிக்கூடம் ஏற்காட்டுல. இந்த ஊடு இருக்கறதுனாலதான் அவ நடந்து வந்து பஸ் ஏறுறா. ஊடு போச்சுன்னா அவ படிப்பு அன்னைக்கே முடிஞ்சுதுங்க."

"அதுக்காவ இப்பிடி ஒரு பேரா?"

"பேரு என்னுங்க அக்கா, நாலு நாளைக்குப் பேசுவாங்க. இடுப்பு முடியாதவன்னு எஸ்டேட் ரைட்டர் நோட்டுல ஏறிருச்சுன்னா அது அழியாதுங்களே."

"உம்பட ஊட்டுக்காரன் நம்ப மாட்டேங்கறானே."

மகள் வைத்துவிட்டுப் போன தாளை எடுத்து மடித்தாள். "அதுதானுங்க நான் நெனச்சுப் பாக்கல," என்றாள். "பதினேழு வருசம் ஆச்சு. என்னெத் தெரியும்னு நெனச்சேன்."

குடிக்கச் சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதை எடுக்கவும் அவள் குந்தித்தான் எழுந்தாள். இப்போது வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை, காலுக்கு இறங்கின வலி நின்றுவிட்டது, இன்னும் ஒரு மாசம் இதேபோல் ஓட்டினால் பெல்ட்டைக் கழற்றிவிடலாம் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. சொன்னபடி செய்தால் உடம்பு கேட்கிறதுங்க அக்கா, நொம்ப ஆச்சரியமாக இருக்கிறது என்றாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க மாமியாகிட்டக்கூட இடுப்புன்னு சொல்லீராதீங்க. அது வெள்ளந்தி, லைன்ல எல்லாருகிட்டயும் சொல்லிப்போடும். மேனேஜர் காதுக்குப் போயிரும்."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு விஷயத்தை முழுசாக வாய்க்குள் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு கெட்ட நேரம் பார்த்து வந்தது என்று இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

தை நாலோ ஐந்தோ, ஒரு செவ்வாய்க்கிழமை, நர்சம்மா என் கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினாள். கர்ப்பிணிகளைப் பதிவு பண்ணுகிறவள், எங்கள் பக்கத்துக்கு அவள் ஒருத்திதான். லைனில் சுகுணா என்று ஒருத்தியாமே, மாமியார் பொங்கலன்று சொல்லி அனுப்பினாள், அந்தப் பொண்ணு எங்கே பறிக்கிறது என்று கேட்டாள். மகன் கேட்டுத்தான் காளியாயி சொல்லியிருக்கிறாள். நர்சம்மா கையால் பார்த்துச் சொன்னால் ஒழிய ஊருக்கு வரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். வீட்டில் வைத்துப் பார்க்கத்தான் கிழவி கூப்பிட்டது. நர்சம்மாவுக்கு மத்தியானம் கரடியூரில் வேறு வேலை, அதனால் தோட்டத்துக்கே போய் முடித்துவிடலாம் என்று வந்துவிட்டாள்.

நானும் வருகிறேன் என்று மெஷினை மூடினேன். போகிற வழியில் சொல்லித் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் ஸ்கூட்டரில் ஏறச் சொல்லவில்லை, மேட்டுப் பாதையில் இரண்டு பேர் போக வண்டி இழுக்காதாம். நான் குறுக்குவழியில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஐம்பத்திரண்டு வயசில் அந்த ஏற்றம் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது, நர்சம்மா ஏற்கெனவே வரிசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு முந்தின எடைக்காக மூட்டை கட்டுகிற நேரம். பதினெட்டுப் பெண்களும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கமலக்கண்ணன் மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டான்.

"சுகுணா யாருங்க? எத்தனாவது மாசம்?" என்று நர்சம்மா நோட்டைப் பிரித்தாள்.

சுகுணா செடிக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள்.

மாமியார்தான் சொன்னதாக நர்சம்மா சொன்னாள். மாமியாருக்கு வயசாகிவிட்டது, ஏதோ தப்பாக நினைத்துக்கொண்டது, வேண்டுமானால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் சுகுணா. இரண்டு பேரும் எடைக் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஒன்றும் இல்லை என்று மட்டும் நர்சம்மா சொல்லி, பெல்ட்டைப் பற்றிப் பேச்செடுக்காமல் நோட்டை மூடினாள். எனக்கு உயிர் வந்தது. அங்கப்பனுக்கு இது போதும். இத்தோடு முடிந்தது என்று நினைத்த நான் ஒரு முட்டாள்.

புவனேஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு மாசமாகச் சுகுணாவின் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தவள் அவள்தானே. கையிலிருந்த பழச் சாக்கைக் கீழே போட்டாள். ஆனால் கேட்டது கமலக்கண்ணன்தான்.

"வவுத்துல ஒண்ணுமில்லீன்னா இத்தன நாளா எதுக்கம்மிணி குந்திப் பறிச்ச?"

அவன் கெட்டவன் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தான். பார்க்கும்போதே அவனுக்கு ஒரு யோசனை ஓடுவது எனக்குத் தெரிந்தது.

"ஒடம்புல கோளாறு ஏதாச்சும் இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லீரு. நாளைக்கு மேனேஜர் என்னெத்தான் கேப்பாரு."

சுகுணா என்னைப் பார்த்தாள். நான் அங்கே எதற்கு வந்து நிற்கிறேன் என்று ஒரு நிமிசம் அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வீடு போகும், திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேஸ்திரி," என்றாள். "சோம்பலுதானுங்க. குந்துனா சொகமா இருந்துச்சு. இவங்களும் மூட்டை சொமந்தாங்க, சரின்னு இருந்துபோட்டேன்."

வரிசையில் ஒருத்தி காறித் துப்பினாள். இன்னொருத்தி, தின்ன ஆரஞ்சைக் கக்கச் சொல்லு என்றாள். சுகுணா அதைக் காதில் வாங்காமல் தன் மூட்டைக்கு நேரே நடந்து போனாள். முக்கால் சாக்குப் பழம், முப்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து தலைக்குத் தூக்கிவிடுகிற மூட்டை. நான் அவள் முட்டியைத்தான் பார்த்தேன். மடக்கு, மடக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மடக்கவில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் எப்படிக் குந்துவாள்? காலை விறைப்பாக வைத்து, இடுப்பிலிருந்து முழுசாகக் குனிந்து, சாக்கின் இரண்டு காதையும் பிடித்து ஒரே இழுப்பில் தொடைக்கு ஏற்றி, உடம்பைத் திருகித் தோளுக்கு எறிந்து, அங்கிருந்து தலைக்குத் தள்ளினாள். யாரும் கை கொடுக்கவில்லை. அந்தச் சரிவில் நிமிர்ந்த கழுத்தோடு எடைக் கொட்டகை வரைக்கும் நடந்தாள். மூட்டையை இறக்கினாள். திரும்பி வந்து, புவனேஸ்வரி கீழே போட்ட சாக்கை அதேபோல் குனிந்து எடுத்து, அதையும் கொண்டுபோய்ப் போட்டாள்.

"இத்தன தெம்ப வெச்சுக்கிட்டா ஏமாத்துன?" என்று கமலக்கண்ணன் சிரித்துவிட்டான். பெண்களுக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது. வேசி என்று ஒரு மாசம் பேசினவர்களுக்கு வெறும் சோம்பேறி என்பது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். நாளையிலிருந்து நாலு பேர் மூட்டையை நீ சுமக்கணும் ஆமா, என்று புவனேஸ்வரி கேலி பண்ணினாள். சுகுணாவும் சிரித்தாள். மத்தியானம் முழுக்க மற்றவர்களைப்போலவே குனிந்து பறித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் களி கிண்டி எல்லாருக்கும் போட்டிருக்கிறாள். அங்கப்பனும் போனில் பேசினானாம். மாசி மாசம் வருகிறேன் என்றானாம், தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்றானாம். அவள் சரிங்க, சரிங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்னால், மனசு கேட்காமல் நான் லைனுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சுகுணா பாயில் மல்லாந்து கிடந்தாள். ஒருக்களிக்க முடியவில்லை, இடது கால் மரத்துப்போய்விட்டது, பாத்ரூம் போகக்கூட எழ முடியவில்லை. காளியாயி சுவரைப் பிடித்தபடி நின்று, இடுப்பா, இடுப்புதானா இத்தனை நாளும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவியைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

"ஐசு எங்க?" என்றேன்.

சுகுணா கண்ணால் வெளியே காட்டினாள்.

பறிப்புக் காலத்தில் பேர் பதிந்த ஆள் வராவிட்டால், அந்த வீட்டிலிருந்தே ஒரு மாற்றாள் போய் வரிசையில் நிற்கலாம். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். யாரும் போகாவிட்டால்தான் கேட்பார்கள். நான் வாசலுக்கு வந்தேன். லைனுக்குக் கீழேயே அன்றைக்கு நிரை ஆரம்பம். பனிக்குள் பெண்கள் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நிரையில் ஐஸ்வர்யா நின்றாள். பள்ளிக்கூட ஸ்வெட்டருக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டு, அம்மாவின் மடிப்பையை இடுப்பில் கட்டியிருந்தாள்.

விசில் அடித்தது. அவள் முதல் செடியின் அடிக்கிளைக்குக் கை நீட்டினாள். மூன்று மாசமாக அம்மாவுக்குத் தாளைப் படித்துக் காட்டியவள் இல்லையா, கால் தானாக முட்டியை மடக்கிப் பாதி இறங்கிவிட்டது. பக்கத்து நிரையில் புவனேஸ்வரி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்பால் இன்னொருத்தியும் பார்த்தாள். ஐஸ்வர்யா உடனே எழுந்தாள். காலை விறைத்து நிறுத்தி, இடுப்பிலிருந்து குனிந்தாள்.

"அக்கா, அவளெக் குந்திப் பறிக்கச் சொல்லுங்க," என்று உள்ளேயிருந்து சுகுணா சொன்னாள். அவள் இருந்த இடத்திலிருந்து வெளியே எதுவும் தெரியாது. ஆனாலும் சொன்னாள். "குனியறாளா? குனியாதேன்னு சொல்லுங்க அக்கா."

நான் செருப்பைக்கூடப் போடாமல் சரிவில் இறங்கி ஓடினேன். மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவள் பக்கத்தில் போய் நின்று, அம்மா குந்தச் சொல்றா கண்ணு, இந்த வயசிலேயே முதுகைக் கெடுத்துக்காதே என்றேன். அவள் நிமிரவில்லை. பழத்தை உருவி மடிப்பையில் போட்டுக்கொண்டே, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எங்கம்மா குந்துனதுக்கு நீங்கல்லாம் என்ன பேசுனீங்கன்னு தெரியுமுங்க அக்கா. நான் குந்துனா என்ன பேசுவீங்க?"

கேட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்க் குனிந்துவிட்டாள்.